கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சி: பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ப்பது எப்படி?

பூச்செடி நிறைய வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரும், தேன் குடிக்கும், போய்விடும். அது முட்டையிட வேண்டுமென்றால் புழு தின்னும் இலை நம் வீட்டில் இருக்க வேண்டும். தொட்டியில் ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்துவிடும், மாடி வீடானாலும் சரி. எருக்கு வைத்தால் வெந்தய வரியன் வரும், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

1. இரண்டு செடி வாங்குங்கள், ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. இதை வீட்டில் சமைப்பவரிடம் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. நர்சரிச் செடியில் மருந்து அடித்திருக்கலாம், அதனால் பழைய இலையை நம்ப வேண்டாம், புதுத் துளிர் நன்றாக விடும்வரை பொறுங்கள். புழுச்செடிக்கு வேப்பெண்ணெய்கூடக் கூடாது.

2. துளிர் இலைகளில் முட்டை தேடுங்கள். குண்டூசித் தலையளவில் வெளிர்மஞ்சள் உருண்டை. பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சில நாட்களில் பொரிந்து, பறவை எச்சம் போல ஒரு புழு வரும். அந்த வேஷம்தான் அதற்குப் பாதுகாப்பு. கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். கடிக்காது.

3. எறும்பும் குளவியும் விட்டுவைக்காது என்பதால் ஒன்றிரண்டு புழுவை உள்ளே கொண்டுவரலாம். பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாப்பாடு மூடி வைக்கிற வலைக்கூடைதான் என் கட்சி. அடியில் செய்தித்தாள், நடுவே சிறு புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கிளையைச் செருகி, புட்டி வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். புழுவைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, இலையோடு சேர்த்து மாற்றுங்கள்.

4. இனிமேல்தான் எங்கள் வீட்டில் அழுகையே நடந்தது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு ஒருநாள் சாப்பாட்டை நிறுத்தும், தண்ணீராகக் கழியும், உடம்பு சுருங்கும், கூடை முழுக்க அலைந்து எங்காவது அசையாமல் உட்கார்ந்துவிடும். சாகப்போகிறது என்றுதான் தோன்றும். இல்லை, கூட்டுப்புழுவாகத் தயாராகிறது! வயிற்றைக் காலி செய்துவிட்டு, வால்பக்கத்தைக் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டிக்கொள்ளும். அடுத்த நாள் போலத் தோல் உரிந்து பச்சையாகவோ பழுப்பாகவோ கூடு தெரியும். இந்த நேரத்தில் தொடாதீர்கள், புது இலை வைக்கிறேன் என்று கிளையைப் பிடுங்காதீர்கள், பாட்டி ஆசையாகக் கூப்பிட்டாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். நூல் அறுந்தால் சரியாக விரிய முடியாமல் போகலாம்.

5. வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில், பெரும்பாலும் காலையில், வெளியே வரும். ஈரச் சிறகு தொங்கிக் காய இடம் வேண்டும், அதனால் குச்சிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். கூடவே செம்பழுப்பாகச் சில சொட்டுகள் விழும், அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு. சில மணி நேரம் கழித்துக் கூடையைத் திறந்துவிடுங்கள், இட்லிப்பூச் செடி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். கூடு கறுத்துவிட்டதே என்றால், தோலுக்குள் சிறகின் வடிவம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் நாளையோ மறுநாளோ வந்துவிடும். கூட்டில் பொடி ஓட்டை விழுந்து குட்டிக் குளவிகள் வந்தால், புழுவாகவோ கூடாகவோ இருந்தபோதே குளவி உள்ளே முட்டையிட்டிருக்கிறது, அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடலாம், குளவிக்கும் குடும்பம் உண்டு என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

திருச்சிப் பக்கம் போகிறவர்கள் ஸ்ரீரங்கம் அருகே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மதியத்தில் பிள்ளைகள் ஐஸ்கிரீம்தான் கேட்பார்கள்.