'சாஃப்ட் ஸ்லோப்' படுத்திய பாடு

மொரீஷியஸில் 812 மீட்டர் உயர லெ பூஸ் மலைக்கு வரும் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் வழிக்குறிப்பு எழுதினேன். மெல்ல ஏறும் சரிவை 'சாஃப்ட் ஸ்லோப்' என்று எழுதியிருந்ததைப் படித்தவர்கள், "மண்ணில் கால் புதையுமா?" என்று கேட்டார்கள். 'ஸ்லோ' என்று மாற்றியும் சரிப்படவில்லை. அகராதியில் 'சாஃப்ட்'டைப் புரட்டியே மூன்று நாள் போயிற்று.

கோளாறு பிரெஞ்சில். இங்கே வாயில் வரும் 'பாந்த் தூஸ்' (நேர்ப்பொருள்: மென்மையான சரிவு) சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாகியிருந்தது. பிறகு அகராதியில் 'ஸ்லோப்'பை எடுத்து, எடுத்துக்காட்டுகளில் அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்த்தேன். மெல்ல ஏறினால் 'ஜென்டில் ஸ்லோப்', மூச்சு வாங்கினால் 'ஸ்டீப் ஸ்லோப்'. 'ஷியர்' பெரும்பாலும் கிளிஃப் (செங்குத்துப் பாறை), டிராப் (நேர்க்கீழான பள்ளம்) இவற்றோடுதான் சேர்கிறது. நானோ உச்சிக்கு அருகே கையூன்றி ஏறும் இடத்துக்கு அதைப் போட்டிருந்தேன். தமிழில் இரண்டும் 'செங்குத்து'தானே! அதையும் 'ஸ்டீப்' ஆக்கினேன்.

இப்போது யாரும் கால் புதையுமா என்று கேட்பதில்லை. மழைக்காலத்தில் புதையும் என்பது வேறு கதை.