இரு பக்கமும் ஓடுவதை அளக்கப் போகிறீர்களா? சிக்னல் தெரிவில் விடும் பிழைகள்

இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும். துருசைத் திறந்தால் வயலுக்குப் போகும், அவ்வளவுதான், அங்கே எந்த சென்சரைப் பூட்டினாலும் திசை பற்றிய கவலை இல்லை. வட்டுவாகலில் நந்திக்கடலின் வாய் திறந்திருக்கும் நாட்களில் கதை வேறு, தண்ணீர் கடலுக்கும் போகும், கடலில் இருந்து உள்ளேயும் வரும். சோலர் பற்றரியும் இந்த இரண்டாவது வகைதான், பகலில் மின்னோட்டம் உள்ளே, இரவில் வெளியே. தோட்டக் கிணற்றடியில் சோலர் பூட்டி, பற்றரியைத் தாங்களே கண்காணிக்க நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மிக மோசமான பிழை, "ஓட்டம் இல்லை" என்பதும் "வயர் அறுந்துவிட்டது" என்பதும் ஒரே பெறுமானமாகத் தெரியும் சிக்னலை, அதாவது சென்சர் தன் அளவை வயர் வழியே அனுப்பும் முறையை, தெரிவு செய்வது. −10 முதல் +10 வோல்ற் பார்க்க அழகாக இருக்கும், நடுவில் பூச்சியம், இந்தப் பக்கம் நேர், அந்தப் பக்கம் மறை. ஆனால் எலி கேபிளைக் கடித்துவிட்டால் பல கருவிகளில் அதே பூச்சியத்துக்குக் கிட்டத்தான் காட்டும், நீங்களும் ஓட்டம் நின்றுவிட்டது என்றே நம்புவீர்கள். அளவை வோல்றாக அல்லாமல் சின்ன மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஅம்பியர் சிக்னலை எடுத்து 4ஐ −100 அம்பியராகவும், 12ஐ பூச்சியமாகவும், 20ஐ +100 ஆகவும் வையுங்கள். வயர் அறுந்தால் 0 மில்லிஅம்பியர் வரும், அது எந்த அளவாகவும் இருக்க முடியாது. தொழிற்சாலைக் கருவிகளுக்கான நாமூர் என்ஈ43 பரிந்துரையில் 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் போனால் பழுது என்றே கணக்கு. 0–20ஐ எடுத்து 10ஐ நடுவாக வைத்தால் இன்னும் ஆபத்து, அறுந்த வயர் முழு வேகத்தில் பின்னோக்கி ஓடுவதாகக் காட்டும், அதைப் பார்த்து ஜெனரேட்டரைத் தானாக ஸ்டார்ட் பண்ணும் அமைப்பு இருந்தால் யோசித்துப் பாருங்கள். நீளக் கேபிளில் வோல்ற் சிக்னல் வழியிலேயே கொஞ்சம் விழும் என்பதும் இருக்கிறது, மின்னோட்டச் சிக்னலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, 4–20 மீற்றரை வாங்கி 4ஐயே பூச்சியமாக விட்டுவிடுவது. மீற்றருக்கு இரு திசையும் அளக்கத் தெரிந்திருக்கலாம், ஆனால் வெளியீட்டை அப்படி அமைக்காவிட்டால் பின்னோக்கி ஓடுவதெல்லாம் "ஓட்டம் இல்லை" ஆகிவிடும்.

சரி, நடுவில் பூச்சியம் வைத்தாயிற்று. இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 200 அம்பியர் அகலத்தை 16 மில்லிஅம்பியரில் அடக்கினால் ஒரு மில்லிஅம்பியர் 12.5 அம்பியர். நடுப்புள்ளி 0.1 மில்லிஅம்பியர் நகர்ந்தால் 1.25 அம்பியர் பொய். அந்த நேரத்துக்கு அது சின்னதுதான், ஆனால் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கில் ஒரு நாளைக்கு 30 அம்பியர்-மணி பிழை, 100 அம்பியர்-மணி பற்றரிக்கு நாலாவது நாள் அந்தக் கணக்கே குப்பை. தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை வைத்தால் சூட்டிலேயே இந்த நகர்வு வரலாம். ஆகவே பிரேக்கரை நிறுத்தி உண்மையான பூச்சியத்தில் என்ன வருகிறது என்று காலையிலும் உச்சி வெயிலிலும் பார்த்துக் குறியுங்கள், பூச்சியத்துக்கு மிகக் கிட்ட வரும் சின்ன அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், பற்றரி முழுதாக நிரம்பும்போது கணக்கைத் திருத்துங்கள்.

நடு என்றால் சரிபாதிதான் என்று யாரும் சொல்லவில்லை. 40 அம்பியரில் சார்ஜாகி, லோட் 120 வரை இழுக்கும் பற்றரிக்கு −120 முதல் +40 வரை வையுங்கள், ஒரு மில்லிஅம்பியருக்கு 10 அம்பியர், பூச்சியம் 16இல் நிற்கும். ±120 என்று வைத்தால் ஒரு மில்லிஅம்பியர் 15 அம்பியராகி, கிடைக்கும் நுணுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வீணாக்குகிறீர்கள்.

மலிவாகக் கிடைக்கும் ஏசிஎஸ்712 என்ற மின்னோட்ட சென்சரைப் பூட்டுகிறவர்களுக்கு: அதன் நடுப்புள்ளி 2.5 வோல்ற் அல்ல, கொடுக்கும் சப்ளையின் பாதி. சப்ளை 4.8க்கு இறங்கினால் நடு 2.4 ஆகும். ஆர்டுயினோ என்ற நிரல் எழுதும் சிறு போர்ட் அதே சப்ளையை வைத்து அளந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், நடு மாறாது. ஏடிஎஸ்1115 போல, தனக்கென நிலையான ஒப்பீட்டு வோல்ற் உள்ள அளக்கும் சிப்பைப் போட்டு, 2.5ஐ நிரலில் எழுதிவைத்தால், 30 அம்பியர் வகையில் (அம்பியருக்கு 66 மில்லிவோல்ற்) சும்மா இருக்கும் பற்றரியே 1.5 அம்பியர் காட்டும். சப்ளையையும் சேர்த்து அளந்து அதில் பாதியை எடுங்கள்.

மறை வோல்றை ஆர்டுயினோவுக்கு நேரே கொடுக்காதீர்கள், −0.5க்குக் கீழே போனால் சிப் பழுதாகலாம். நிரலில் குறியில்லாத (மறை எண் பிடிக்காத) 16 பிட் மாறியில் −3ஐப் போட்டால் 65533 என்று நிற்கும், இதையும் பாருங்கள். அளவுக்கு ஒரு வயர், திசைக்கு ஒரு ரிலே என்று பிரிப்பதும் செய்யலாம், ஆனால் பூச்சியத்துக்குக் கிட்ட ரிலே டக்டக்கென்று அடிக்கும், வட்டுவாகல் மாதிரி இடத்தில் நீர் திரும்பும் நேரம்தான் உங்களுக்கு வேண்டிய நேரம்.

பூட்டி முடித்ததும் சார்ஜ் பண்ணிப் பார்த்ததோடு விடாதீர்கள். சோலரை நிறுத்தி, தெரிந்த லோட் ஒன்றைப் போட்டு, மறைப் பக்கமும் கிளாம்ப் மீற்றரோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள், டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றராக இருக்க வேண்டும். அப்புறம் சிக்னல் வயரை ஒருதரம் கழற்றி, திரையில் பழுது என்று வருகிறதா, இல்லை ஏதோ ஒரு எண் வருகிறதா என்று பாருங்கள்.