பிக்கப் வண்டிக்கு ஃபைபர் கேம்பர்: எங்கே சொதப்புகிறார்கள்?

பிக்கப் வண்டியின் பின்பக்கம் படுத்துத் தங்குகிற மாதிரி கட்டுகிற பெட்டிதான் கேம்பர். குமரி மாவட்டத்தில் அதை ஃபைபரில் கட்டுகிற வேலையில் இறங்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு, முதல் தவறும் அங்கிருந்தே வருகிறது. குளச்சலோ முட்டமோ, கடற்கரைப் பக்கம் போனால் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர் கிடைப்பார், ரெசின் (இறுகிக் கெட்டியாகிற பிசின்) கலக்கவும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டவும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம். ஆனால் எத்தனை அடுக்கு என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். அலையில் அடிபட்டு மணலில் இழுபடுகிற வள்ளத்தின் கணக்கைத்தான் சொல்வார். மேட் ஒட்டிய ஃபைபர் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும். சுவரும் கூரையும் 20 சதுர மீட்டர் என்று வையுங்கள், 6 மில்லிமீட்டர் கட்டினால் வெறும் கூடே 180 கிலோ. கட்டில், பேட்டரி, தண்ணீர், ஆள் எதுவும் இன்னும் ஏறவில்லை. நடுவில் ஃபோம் வைத்து இருபக்கமும் மெல்லிசாக ஃபைபர் போட்டால் பாதி எடையிலேயே நல்ல விறைப்பான சுவர் கிடைக்கும்.

ஃபோம் என்றதும் மலிவாகக் கிடைக்கிறதே என்று தெர்மாகோல் வாங்கிவிடாதீர்கள். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். பியூ (பாலியூரிதேன்) ஃபோம் போதும்.

அப்புறம் கெமிக்கல். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ரெசினை இறுக வைப்பது ஹார்டனர், அதை வேகப்படுத்துவது கோபால்ட். இவை இரண்டும் நேரடியாக ஒன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் ஊற்ற வேண்டும், அதுவும் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றுவது, ஒரு வாளி நிறையக் கலந்து வைப்பது, இரண்டுமே தப்பு. சூடேறி வாளியிலேயே புகைந்து கல்லாகிவிடும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். துணி மாஸ்க் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, ஆவியை உறிஞ்சுகிற கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) வைத்த மாஸ்க்தான் வேண்டும்.

நம்மூரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது, மழை நாளில் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கேம்பர் ஒழுகுவது பெரும்பாலும் ஃபைபரில் இல்லை, நாம் போடுகிற ஓட்டையில். ஜன்னல், வென்ட், ஸ்க்ரூ எதுவானாலும் உள்ளே பிளைவுட் இருந்தால் வெட்டிய விளிம்பை ரெசினால் மூடாமல் விடாதீர்கள், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே தெரியாமலே உளுத்துப் போகும். கடலோரம் நிறுத்துகிற வண்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் 316 ரகமாகவே வாங்குங்கள், 304-ல் உப்புக் காற்று துருக்கறை ஏற்றிவிடும்.

உயரத்தையும் அடக்கி வையுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை ஓட்டுகிற அதே காற்றுதான் உங்கள் பெட்டியையும் பக்கவாட்டில் தள்ளும். பின்பாடித் தகரத்தில் நாலு போல்ட் போட்டு நிறுத்தக்கூடாது, பிடிப்பு சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரை போக வேண்டும்.

நிரந்தரமாகப் பொருத்துவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும், ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிட்டு, ரெசின் அதற்கப்புறம் வாங்குங்கள்.