சிமாக்கைப் படிக்கும் முன் மேப்பைத் திறங்கள்

கிளிஃபோர்ட் டி. சிமாக்கின் அறிவியல் புனைகதைகளை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு போனில் மேப்பைத் திறப்பது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்குப் போங்கள். விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் வந்து கலக்கும் இடம் தெரியும். அங்கிருந்து தென்கரையை ஒட்டியே கொஞ்சம் கிழக்கே வந்தால் மில்வில். 1904-இல் சிமாக் பிறந்தது இந்தப் பக்கத்தில்தான்.

இப்போது மேடுபள்ளம் காட்டும் அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். சுற்றிலும் நிலம் சமமாகக் கிடக்க, இந்தத் துண்டு மட்டும் கசக்கிப் போட்ட வேட்டி போல இருக்கும். பனியுகங்களில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் அக்கம்பக்கத்தையெல்லாம் வழித்துத் தேய்த்துவிட்டு இதை மட்டும் தொடாமல் போய்விட்டன. அதனால் ஓடைகள் ஆழமாக அறுத்த பள்ளங்கள், சுண்ணாம்புப் பாறைக் குகைகள், ஊற்றுகள் எல்லாம் அப்படியே தங்கிவிட்டன. ஒரு மேட்டில் ஒரு பண்ணை, அடுத்த மேட்டில் இன்னொன்று, நடுவில் காடு மண்டிய பள்ளம். பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

இதை மனதில் வாங்கிக்கொண்டு ‘வே ஸ்டேஷன்’ நாவலை எடுங்கள். 1963-இல் வந்தது, மறு ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஈனாக் வாலஸ் என்பவரின் பண்ணை வீடு, விண்மீன்களுக்கு இடையே பயணம் போகிறவர்கள் இறங்கி மாறும் நிலையமாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் பழைய வீடு. உள்ளே விதவிதமான உயிர்கள் வந்து போகின்றன. நூறு வருஷம் இதை ஊர் கண்ணில் படாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர், மேப்பைப் பார்க்காதவர். அந்த மேடுகளில் முடியும். வீட்டை உடைத்து யாரும் நுழைய முடியாதபடி நாவலில் ஒரு காப்பு உண்டுதான்; ஆனால் வேறு எழுத்தாளராக இருந்தால் வீட்டையே மறைக்கவும் ஏதாவது கருவி கண்டுபிடித்திருப்பார். சிமாக்குக்கு ஊரின் சரிவே போதுமாக இருந்தது.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் என் கண் முதலில் போனது தபால்காரர் வின்ஸ்லோ கிராண்ட் மேல்தான். ஈனாக்குக்கும் வெளி உலகத்துக்கும் இருக்கும் ஒரே பழக்கம் அவர்தான் என்று சொல்லலாம். ஈனாக் தரும் வேற்றுலக மரக்கட்டைகளில் பொம்மை செதுக்குவது அவருடைய பொழுதுபோக்கு. அமெரிக்கக் கிராமங்களில் 1896-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, தபால்காரர் சாலையோரம் நிற்கும் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர்தான் பெட்டி வரை நடக்க வேண்டும். நம்ம ஊர் போல திண்ணை வரைக்கும் வந்து சைக்கிள் மணி அடிப்பவராக இருந்திருந்தால், ஈனாக் அதற்காக வாசலைத் தாண்ட வேண்டியிருந்திருக்காது!

அந்த நடையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நிலையத்துக்குள் இருக்கும்வரை ஈனாக்குக்கு வயது ஏறாது. வெளியே வந்தால் ஏறும். அவருக்கு வயது நூற்று இருபதுக்கு மேல், பார்த்தால் முப்பது. ஆனாலும் தினமும் ஒரு மணி நேரம் வெளியே வந்து வயலோரமாக, காட்டுப் பாதையில், ஆற்றைப் பார்த்த பாறை விளிம்பு வரை நடக்கிறார். உள்ளேயே இருந்தால் சாகாமல் இருக்கலாம், ஆனாலும் வருகிறார். அப்படியென்றால் அந்தப் பூவையும் மரத்தையும் ஆற்று வளைவையும் சிமாக் வர்ணிக்கும் ஒவ்வொரு வரியும் ஈனாக் தன் ஆயுளிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் நேரம். முதல் வாசிப்பில் பலரும் இந்த வர்ணனைகளைத் தாண்டிப் போய், அடுத்த விருந்தாளி யார் என்று பார்ப்பார்கள். தாண்டாதீர்கள். பென்சில் கையில் வைத்துக்கொண்டு, அவர் வாசலைத் தாண்டும் இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் முறை அந்தக் கோடு போட்ட பக்கங்களை மட்டும் படித்தாலும் நாவல் கிடைத்துவிடும்.

நாவல் நீளம் என்றால் ‘நெய்பர்’ என்ற 1954 சிறுகதையில் தொடங்கலாம். கூன் வேலி (Coon Valley) என்ற ஒதுங்கிய பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட பண்ணைக்கு ஒருவர் குடிவருகிறார். அவருடைய டிராக்டர் ஆளில்லாமல் உழுகிறது, வேண்டிய நேரத்தில் மழை பெய்கிறது. அக்கம்பக்கத்தார் பயப்படவில்லை, நல்ல அண்டைவீட்டுக்காரர் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். கூன் வேலி என்ற பெயரிலேயே விஸ்கான்சினில் ஒரு நிஜ ஊர் உண்டு. சரிவுகளில் நேர்கோட்டில் உழுது மண் அரித்து, நிலமே வீணாய்ப் போனதால் 1933-இல் அமெரிக்க அரசு மண் காப்புக்கான முதல் செயல்விளக்கத் திட்டத்தை அங்கேதான் தொடங்கியது. சரிவின் குறுக்கே வளைவு வளைவாக உழுவதை அங்கே பழக்கினார்கள். சிமாக் அந்த ஊரைத்தான் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண் அரித்து ஓடும் மேட்டுநிலத்துக்காரனுக்கு, நேரத்துக்குப் பெய்யும் மழை எப்பேர்ப்பட்ட அதிசயம் என்பது இதைத் தெரிந்துகொண்டு படித்தால் உறைக்கும்.

அடுத்தது ‘த திங் இன் த ஸ்டோன்’, 1970. இதில் குகையும் பாறையும்தான் கதை. விபத்துக்குப் பிறகு அந்த மலைகளின் பழங்காலத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற ஒருவன், பாறைக்குள் சிக்கிக் கிடக்கும் ஓர் உயிர். அந்தச் சுண்ணாம்புப் பாறை முழுக்க ஒரு காலத்தில் கடலடி என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

சிமாக்கை ‘கிராமத்து அமைதியின் எழுத்தாளர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில், அவர் பத்திரிகைக்காரர்; 1939 முதல் 1976 வரை மினியாபொலிஸ் நகரத்து நாளிதழில் வேலை. மேடுகளைப் பற்றி எழுதியது நகரத்தில் உட்கார்ந்துதான். (அவருடைய வாக்கியங்கள் நறுக்கென்று இருப்பதற்கும் செய்தி மேசைதான் காரணம் என்பது என் ஊகம். ஆங்கிலம் சுமாராக வருபவர்களும் தைரியமாக எடுக்கலாம்.) இரண்டாவது, ‘சிட்டி’ தொகுப்பின் முதல் கதையில் விவசாயமே அழிந்துபோயிருக்கிறது. மண்ணில்லாமல் பயிர் வளர்க்கக் கற்றுக்கொண்டதால் நிலம் சல்லிசாகி, குடும்ப விமானம் வைத்திருப்பவர்கள் நகரத்தைக் காலி செய்துவிட்டுக் கிராமத்துக்குப் போகிறார்கள். இரண்டாவது கதை ‘ஹட்லிங் பிளேஸ்’. அதில் ஜெரோம் வெப்ஸ்டர் என்ற மருத்துவருக்குத் தன் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறவே முடிவதில்லை. செவ்வாயில் அவருடைய நண்பர் ஜுவைன் உயிருக்குப் போராடுகிறார், காப்பாற்றக்கூடியவர் இவர் ஒருவர்தான், கால் நகரவில்லை. சொந்த மண்ணின் பிடிப்பு நோயாக மாறினால் என்ன ஆகும் என்று 1944-லேயே எழுதிய மனிதரை வெறும் அமைதிக்காரர் என்றால் எப்படி?

அதனால் ‘வே ஸ்டேஷனை’ முடித்த கையோடு ‘சிட்டி’யை எடுங்கள். அங்கே தன் ஆயுளைக் கொடுத்து வெளியே நடப்பவர், இங்கே நண்பனுக்காகக்கூட வெளியே வர முடியாதவர். இந்த இருவரையும் ஒருவரே எழுதியிருக்கிறார்.

காசு செலவழிக்க யோசிப்பவர்களுக்கு ‘ப்ராஜெக்ட் மாஸ்டடான்’ என்ற 1955 கதை ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யானை இனத்து மாஸ்டடான்கள் உலவிய காலத்துக்குப் போய் அங்கே ஒரு தனி நாட்டையே அறிவிக்கும் நண்பர்களின் கதை, சிரிக்கலாம். ‘சிட்டி’யில் மட்டும் வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு கதைக்கும் முன்னால், மனிதன் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று, மனிதர்களுக்குப் பிறகு வரும் பேசும் நாய்களின் அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் குறிப்பு ஒன்று வரும். அதையும் விடாமல் படியுங்கள், புத்தகத்தைத் தன் நாய் ஸ்கூட்டியின் நினைவுக்குத்தான் சிமாக் காணிக்கை ஆக்கியிருக்கிறார்.