பங்குனிக் காலையில் ஜோடியாகப் பறவை பார்க்கப் போகிறீர்களா?

பங்குனி பிறந்தால் ஏரிக்கரையே வேறு மாதிரி ஆகிவிடும். குளிருக்கு வந்த தகைவிலான்கள் வடக்கே கிளம்பும், உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். நானும் வீட்டுக்காரரும் அதிகம் நடப்பது இந்த மாதத்தில்தான். செய்யக்கூடாததையெல்லாம் செய்து பார்த்தாயிற்று.

பெரிய தவறு, இருவருக்கும் ஒரே பைனாகுலர். கண்களுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். வலது கண்ணுக்கான திருகையும் அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். கை மாறி, சரிசெய்து முடிப்பதற்குள் மாங்குயில் போயிருக்கும். அப்புறம் “நீங்களே வச்சுக்குங்க” என்ற கோபம் வேறு. ஆளுக்கு ஒரு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

“அதோ, அந்தக் கிளையில!” “எந்தக் கிளைங்க?” இந்தச் சண்டை வராத வீடு இல்லை. மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், உச்சி 12. “3 மணிப் பக்கம், இலைக்கு உள்ளே” என்றால் விஷயம் முடிந்தது. கையை நீட்டினால் அந்த அசைவிலேயே பறவை மிரண்டுவிடும்.

ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் நீலப் பனங்காடையும் கறுப்புக் காக்கைதான். 9 மணிக்கு மேல் போவது வீண். இத்தனை காலடி நடக்கணும் என்ற 10,000 கணக்கும் வேண்டாம். என் வீட்டுக்காரர் அதை விடவே ஒரு வருஷம் ஆனது.

சிலர் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுகிறார்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, ஆண் பறவை கூடு கட்டும் வேலையை விட்டுச் சண்டைக்கு வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஆள்காட்டிப் பறவை விஷயம். வற்றிய ஏரிப்படுகையில், வெறுந்தரையில் கூழாங்கல் போலவே நாலு முட்டை இடும். கால் வைத்தாலும் தெரியாது. வெயில் ஏற ஏற, தாயோ தகப்பனோ வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். நாம் படம் எடுக்க நின்றால் அது தலைக்கு மேல் கத்திச் சுற்றிக்கொண்டே இருக்கும். முட்டை வெயிலில் வேகும். கத்தல் கேட்டதுமே, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். தூரத்துக் கருவேல நிழலில் உட்கார்ந்தால், அது தயங்கித் தயங்கி நடந்து வந்து முட்டைமேல் அமர்வதைப் பார்க்கலாம். நாங்கள் அதைப் பார்த்த அன்றைக்கு எங்கள் பட்டியலில் மொத்தமே ஏழு பறவைகள்தான்.