ஃபைன் கட்டக் காசில்லாட்டி மறியல் தான் எண்டு நினைக்காதேங்கோ

கசிப்போட, அதுதான் கள்ளச் சாராயத்தோட, பிடிபட்ட பெடியன் ஒருத்தன்ர கேஸுக்கு ஒருக்கா கோட்டுக்குப் போனனான். தாய்க்காரி ரெண்டு ஆட்டையும் காதில கிடந்த தோட்டையும் வித்து அந்தக் காசை சேலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு வந்தவ, விதிச்ச தண்டப்பணத்துக்கு அது காணாமப் போச்சு, பின்னேரம் பெடியனை மறியலுக்கு, சிறைக்கு, ஏத்திப்போட்டினம். திரும்பி பஸ்ஸில வரேக்க அவ என்னட்ட, "பிள்ளை, வேற வழி ஒண்டும் இல்லையே" எண்டு கேட்டவ. எனக்கு அண்டைக்குத் தெரியாது. ஆனா கேட்டுப் பாக்கக்கூடிய வழி இருந்தது. அதால தான் இதை எழுதுறன், வீட்டில ஆருக்கும் சின்னக் கேஸ் எண்டா வாசியுங்கோ, வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

இலங்கையில 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. சின்னக் குற்றம் செய்தவரை மறியலுக்கு அனுப்பாம, வீட்டில இருந்தபடியே, ஒரு உத்தியோகத்தரின்ர கண்காணிப்பில, சம்பளமில்லாத பொது வேலை செய்து, தேவையெண்டா குடியை விடச் சிகிச்சையும் எடுத்து தண்டனையை முடிக்க விடுறது தான் இது. பொதுவா 2 வருசத்துக்கு மேல சிறைத்தண்டனை போகாத குற்றங்களுக்குத் தான் போடுவினம், கட்டாயம் சிறை எண்டு சட்டத்தில எழுதிக் கிடக்கிற குற்றத்துக்குச் சரிவராது, தூள் வித்துப் பிடிபட்ட பெரிய கேஸுகளுக்கு இந்தக் கதையே இல்லை. தண்டப்பணம் கட்ட வசதியில்லாத ஆக்களுக்கும் இதைக் கேட்டுப் பாக்கலாம்.

முதல்ல ஒரு பயத்தை எடுக்கோணும். எங்கட பக்கத்தில 2009இல சண்டை முடிஞ்ச பிறகு புனர்வாழ்வு எண்ட சொல்லு என்னத்தை ஞாபகப்படுத்தும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளையளை முகாமுக்குள்ள வைச்சிருக்க தாய்மார் பஸ் ஏறி ஏறிப் போய்ப் பாத்தது இன்னும் ஆருக்கும் மறக்கேல்லை. அதால சீர்திருத்தம், கையெழுத்து வைக்கோணும், உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார் எண்டு கேட்ட உடன சனத்துக்கு நெஞ்சு பதறுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா, மகன் மறியல்ல இருந்தாலும் பறவாயில்லை உந்தப் புனர்வாழ்வு வேண்டாம் எண்டு பிடிவாதமா நிண்டவர், அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனா இது அது இல்லை. முகாமும் இல்லை ஆமியும் இல்லை, நீதவான் திறந்த நீதிமன்றத்தில போடுற உத்தரவு, சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களத்தின்ர சாதாரண உத்தியோகத்தர் தான் பாக்கிறவர், ராவில உங்கட பிள்ளை உங்கட வீட்டில தான் படுப்பான்.

சரி, என்ன செய்யோணும். கேஸ் கூப்பிடுற நாளுக்கு முதலே லோயரிட்ட இந்தச் சட்டத்தின்ர பேரைச் சொல்லி, எங்கட கேஸுக்கு சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தரவு கேக்கலாமோ எண்டு நேரா கேளுங்கோ, கோட்டு வாசல்ல அவசரத்தில கேட்டா சரிவராது. லோயருக்குக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ, 1978இல 27ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, வசதியில்லாத ஆக்களுக்காகத் தான் அது இருக்கு. கேஸ் துண்டு, ஐசி, வருமானம் குறைவு எண்டதுக்கு ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) எடுத்த கடிதம் எல்லாம் ஒரு பையில போட்டுக்கொண்டு போனா திரும்பத் திரும்ப அலையத் தேவையில்லை. கட்டினா பிரச்சினை முடியும், ஆனா ஒரேயடியாக் கட்ட ஏலாது எண்ட நிலைமையெண்டா கட்டக் காலம் தரச்சொல்லிக் கேக்கலாம், பகுதி பகுதியாக் கட்ட விடுங்கோ எண்டும் கேக்கலாம், நீதவானுக்கு அதுக்கும் அதிகாரம் இருக்கு. வாய் திறந்து கேக்காட்டி வீட்டில அடுப்பு எரியுதோ இல்லையோ எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?

உத்தரவு போட முதல் நீதவான் உத்தியோகத்தரிட்ட ஆளைப் பற்றியும் வீட்டு நிலைமையைப் பற்றியும் ஒரு அறிக்கை கேப்பார். இதில தான் எங்கட ஆக்கள் கூடப் பிழை விடுறவை. ஆரோ வரப்போகினம் எண்டு தெரிஞ்சதும் அண்டைக்குப் பாத்துப் பெடியன் வயலுக்குப் போயிடுவான், தாய் "அவன் குடிக்கிறேல்லை ஐயா, நல்ல பிள்ளை" எண்டு சொல்லுவா, பக்கத்து வீட்டில கேட்டா வேற கதை வரும், அதோட எழுதுறவருக்கு நம்பிக்கை போயிடும். உள்ளதைச் சொல்லுங்கோ. குடிக்கிறவன் எண்டா குடிக்கிறவன் எண்டும், மேசன் வேலைக்குப் போனா வாரத்தில 3 நாள் தான் வேலை கிடைக்குது எண்டும், வீட்டில ஆரார் அவன்ர உழைப்பில சாப்பிடுகினம் எண்டும், காலில சண்டை நேரம் பட்ட செல் துண்டு கிடக்கு பாரம் தூக்க ஏலாது எண்டா அதையும் கிளினிக் கொப்பியோட காட்டிச் சொல்லுங்கோ. பெலத்த காயம் பட்ட ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர், ஆனா கூச்சத்தில வாய் திறக்காம இருந்து பிறகு வேலை செய்ய ஏலாமப் போய் உத்தரவை மீறினதா ஆகிறது எவ்வளவு அநியாயம்.

நீதவான் உத்தரவை வாசிச்சு, சம்மதமோ எண்டு கேக்கேக்க விளங்காம "ஓம் ஐயா" எண்டு தலையாட்டாதேங்கோ. எத்தினை மணித்தியாலம் வேலை, எவ்வளவு காலம், முதல் தரம் எண்டைக்கு எந்த ஒஃபிஸுக்குப் போகோணும், இந்த மூண்டையும் லோயரிட்டயோ உத்தியோகத்தரிட்டயோ கேட்டு எழுதி எடுங்கோ. அந்த முதல் நாளைத் தவற விட்டா தொடக்கமே பிழைச்சுப்போகும்.

வேலை எண்டா பெரிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், பொதுக் கட்டடம் மாதிரி இடங்களில துப்புரவு, பெயின்ற் அடிக்கிறது, புல்லு வெட்டுறது இப்பிடி இருக்கும். இடம் தான் முக்கியம். துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ உள்ளுக்க இருக்கிற ஆளுக்கு டவுனில வேலை போட்டா பஸ் காசுக்கே கடன் படோணும், காலமை பஸ்ஸை விட்டா அண்டைய நாள் போச்சு, அதால இடம் குறிக்கேக்கயே எங்கட கிராமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடமோ டிஸ்பென்சரியோ இருக்கு எண்டு நீங்களே சொல்லுங்கோ. காலபோகம் விதைப்பும் அரிவு வெட்டும் வாற நாளுகளையும் முன்கூட்டியே சொல்லி நாள் மாத்திக் கேளுங்கோ, பிறகு வராம நிண்டுபோட்டுச் சொல்லுறதில பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிய வரவுப் பதிவில உங்கட பேருக்கு நேர மணித்தியாலம் சரியா விழுந்திருக்கோ எண்டு பாத்து, வீட்டில ஒரு சிஆர் கொப்பியில நீங்களும் எழுதி வையுங்கோ.

ஊரில நாலு பேர் பாத்து என்ன நினைப்பினம் எண்ட கவலை இருக்கும், கோயில் வீதியைக் கூட்டேக்க தெரிஞ்ச ஆக்கள் வந்தா கூசும் தான். மறியலுக்குப் போனவனைப் பற்றி ஊர் கதைக்கிறதை விட இது எவ்வளவோ மேல் எண்டு எனக்குப் படுது, அதோட அவன்ர பிள்ளை பின்னேரம் அப்பாவைக் காணும்.

குடி, போதை இருக்கிற ஆளுக்கு கவுன்சிலிங், சிகிச்சை எண்டு உத்தரவிலேயே போட இடமிருக்கு, தொழில் பழகவும் போடலாம். இதைத் தண்டனை எண்டு நினைச்சு ஒளிக்காதேங்கோ, காசு குடுத்து எடுக்க ஏலாத உதவி அது.

வருத்தம் வந்தா ஆஸ்பத்திரித் துண்டோட அண்டைக்கே உத்தியோகத்தருக்கு ஃபோன் எடுங்கோ. வீடு மாறினாலும், வேலைக்கு வெளி மாவட்டம் போறதெண்டாலும் போக முதல் அறிவியுங்கோ. நிலைமை மாறிட்டுது எண்டா உத்தரவை மாத்தித் தரச்சொல்லி நீதிமன்றத்தைக் கேக்கலாம். சொல்லாமக் கொள்ளாம நிண்டா திரும்பக் கோட்டுக்குக் கூப்பிட்டு, உத்தரவை ரத்துச் செய்து, பழைய குற்றத்துக்கே தண்டனை குடுக்கலாம், அப்ப மறியல் தான்.

இதோட குழப்பிக்கொள்ளுற வேற விசயங்களும் இருக்கு. 2 வருசம் ஒத்திவைச்ச சிறை எண்டு சொன்னா அது வேற, 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்ர 303ஆம் பிரிவு, அதில வேலை செய்யத் தேவையில்லை, ஆனா குறிச்ச காலத்துக்குள்ள சிறை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றம் செய்தா பழைய சிறையும் சேந்து வரும். சின்னப் பிள்ளையளின்ர கேஸ் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குப் போகும், அங்க வாறவர் நன்னடத்தை உத்தியோகத்தர், பிள்ளைக்கு அவரோட கதைக்கப் பயமில்லாமப் பாத்துக்கொள்ளுங்கோ. ஏற்கனவே மறியலுக்குள்ள தண்டனையில இருக்கிறவரை இடையில விடுறது, படத்தில பரோல் எண்டு சொல்லுறது, அது சிறைச்சாலைப் பக்கத்து அலுவல், உள்ள இருக்கிற நலன்புரி உத்தியோகத்தரிட்டத் தான் கேக்கோணும்.

மணித்தியாலம் முடிஞ்ச உடன நிம்மதியா வீட்டில இருந்திடாதேங்கோ. உத்தரவு முடிஞ்சது எண்டு கோட்டுப் பதிவில ஏறிட்டுதோ எண்டு உத்தியோகத்தரிட்டக் கேட்டு, எழுத்தில ஒரு துண்டு வாங்கி, அதை ஃபோட்டோக்கொப்பி அடிச்சு, ஒண்டைக் காணி உறுதியும் பிறப்புப் பதிவும் வைச்சிருக்கிற பையுக்குள்ள வையுங்கோ.