பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுவோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்க, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களில் தாயும் தந்தையும் தனியே இருப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டாலோ, நினைவு தடுமாறத் தொடங்கினாலோ, பராமரிப்பு இல்லத்தைத் தேட வேண்டியதாகிறது. தேடுவோர் பெரும்பாலும் கட்டடத்தையும் மாதக் கட்டணத்தையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். இவற்றைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரவு பத்து மணிக்குமேல் இங்கே எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கிறார்கள், அவர்கள் பொறுப்பில் படுக்கையோடு இருப்பவர்கள் எத்தனை பேர்?

படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைத் திருப்பி, டயப்பரைப் பார்த்து, துணியைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இருபது பேருக்கு இருநூறு நிமிடம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ நூற்றிருபது நிமிடம்தான். எவ்வளவு அன்பான ஆயாவாக இருந்தாலும் ஒற்றை ஆளால் இது ஆகாது. ஆகவே, "நாங்கள் குடும்பம்போல் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலோடு நின்றுவிடாமல், இரவுப் பணி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இல்லத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இல்லம் மாவட்ட சமூக நலத்துறையில் பதிவு பெற்றிருக்கிறதா என்பதையும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் சான்றிதழைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வாகனத்தில், யார் துணையோடு கொண்டுசெல்வார்கள் என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களை ஒட்டிய இல்லம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருக்கும். அஞ்செட்டிப் பக்கம் என்றால் 108 வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிறகு குளியலறைக்குச் செல்லுங்கள். நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களில் பலருக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிவிடுகின்றன. இதற்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் அதற்கு முன்பே இறுகிய எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இத்தகையவரால் குந்தி உட்கார முடியாது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாலும் தாங்க முடியாத வலி உண்டாகும். எனவே உட்காரும் வகைக் கழிப்பறையும், சுவரில் அசையாத கைப்பிடியும், வழுக்காத தரையும், இரவு முழுதும் எரியும் விளக்கும் அவசியம். குடிநீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, ஒகேனக்கல் நீரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் கம்பளி எவ்வளவு தேவையோ, அவ்வளவு எச்சரிக்கை வெந்நீரிலும் தேவை. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

உணவைப் பொறுத்தவரை, ஒரு வேளை நேரில் இருந்து பாருங்கள். ராகிக் களியை மெல்லாமல் விழுங்கியே பழகியவர்கள் நம் பெரியவர்கள். பக்கவாதம் வந்து விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அதே களி தொண்டையை அடைக்கலாம். ஊட்டும்போது இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று கொள்ள வேண்டும். இதனால் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்களா, கொடுத்தபின் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். தண்ணீர்ச் சொம்பு அறையில் இருப்பது போதாது, அது அவர் கைக்கு எட்ட வேண்டும்.

சேர்த்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அறிவிக்காமல் போங்கள், ஒருமுறை காலையில், ஒருமுறை இருட்டியபின், ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் என்று நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய மானத்துக்குக் குறைவு வராமல், கதவைச் சாத்திவிட்டு உடம்பைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே வால் எலும்பின் மேல், இரு இடுப்புப் பக்கங்கள், குதிகால்கள், தோள்பட்டை ஆகிய இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பினால் நல்லது, சிவப்பு மாறாமலே நின்றால் அது புண்ணின் முதல் நிலை. கருத்த தோலில் சிவப்புத் தெரியாது; அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காற்றுப் படுக்கை போட்டிருப்பதால் திருப்ப வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், பை அவருடைய இடுப்பு மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால் அதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மருந்தின் விளைவோ காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருந்துப் பதிவேட்டில் ஒவ்வொரு வேளையும் கொடுத்தவர் கையொப்பம் இருக்க வேண்டும். மாதம் முழுவதற்கும் ஒரே மையில், ஒரே மூச்சில் போட்டதுபோல் கையொப்பங்கள் இருந்தால் விளக்கம் கேளுங்கள். உணவு தள்ளிப்போன வேளையில் இன்சுலினை என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பயிற்சி தெரிந்துவிடும். பெரியவர் எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருந்தால், புதிதாகச் சேர்த்த மாத்திரை எது, எழுதிக் கொடுத்த மருத்துவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பாதீர்கள்.

கட்டி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் வழக்கமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். இரவில் வெளிக்கதவு பூட்டப்படுமானால் சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாதவரை முதலில் எந்த வழியாக வெளியேற்றுவார்கள் என்பதை அங்குள்ள ஆயாவிடமே கேளுங்கள்.

தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசும் பெரியவர்கள் ஓசூர் வட்டாரத்தில் நிறைய உண்டு. வலிக்கிறது என்பதைச் சொல்லவும் புரிந்துகொள்ளவும் ஒருவர் ஒவ்வொரு வேளைப் பணியிலும் இருக்க வேண்டும்.

குறை கண்டால் தேதியிட்டு எழுதி, புண் இருந்தால் படமும் எடுத்து, முதலில் நிர்வாகியிடம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு. அடித்ததற்கான அடையாளம் இருந்தால் காத்திருக்காமல் காவல்துறைக்குச் செல்லுங்கள். வேறு இல்லத்துக்கு மாற்ற முடிவு செய்தால், மருந்துப் பட்டியலையும் மருத்துவக் குறிப்புகளையும் வாங்கிக்கொண்டு, உடம்பில் உள்ள புண், வீக்கம், காயம் அனைத்தையும் புதிய இல்லத்துச் செவிலியர் முன்னிலையில் அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.